அப்பப்பாவின்ர கொப்பியை ஸ்கேன் பண்ண முதல்

கேள்வி: அப்பப்பா 1938இல எழுதின கணக்குக் கொப்பியும் நாலைஞ்சு காணி உறுதியும் ட்ரங்குப் பெட்டிக்குள்ள இருந்து எடுத்தனாங்கள். தொட்டாலே ஓரம் உதிருது. லாமினேட் பண்ணிப்போட்டு ஸ்கேன் பண்ணட்டோ?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஐயோ, லாமினேட் மட்டும் வேண்டாம். சூட்டில ஒட்டினா பிறகு பிரிக்க ஏலாது, தாளில ஊறின அமிலமும் உள்ளுக்கேயே நிண்டு அதைத் தின்னும். செலோடேப்பும் வேண்டாம். நான் ஒருக்கா ஒரு கடிதத்துக்கு ஒட்டி, இப்ப மேல் பிளாஸ்டிக் கழண்டு விழுந்திட்டுது, பசை மட்டும் மண்ணிறமா எழுத்துக்குள்ள இறங்கி நிக்குது.

நீங்கள் இப்ப கொப்பியைத் திருத்த வேண்டாம், படம் எடுக்கிற அளவுக்கு ஆயத்தப்படுத்தினாக் காணும். கையைக் கழுவி நல்லாக் காயவிடுங்கோ, துணிக் கையுறை போட்டா தாளின்ர ஓரம் அதில கொளுவிக் கிழியும். மெத்தென்ட பிரஷால நடுவில இருந்து வெளிப்பக்கமாத் தூசைத் தட்டுங்கோ, பூஞ்சணம் கண்டா மாஸ்க் போட்டுத்தான். துருப்பிடிச்ச குண்டூசியை இழுக்காதேங்கோ, முதல்ல ஊசிக்கும் தாளுக்கும் இடையில மெல்லிய பிளாஸ்டிக் துண்டொண்டைச் செருகி, பிறகு ஆறுதலா எடுக்கலாம்.

மடிஞ்ச உறுதிக்கு ஈரம் காட்டினா இளகி விரியும் எண்டு ஆராவது சொல்லுவினம். மை மண்ணிறமாகி எழுத்து வழியா தாள் வெடிச்சிருந்தா அது அனேகமா இரும்பு மை, அதாவது தாளை அரிக்கிற, இரும்பு உப்புக் கலந்த பழைய மை, ஈரம் பட்டா அரிப்பு இன்னும் பரவும். கொழும்புக் காத்தே காணாதா, இதில வேற ஈரம்! மடிப்பு எவ்வளவு தானா விரியுதோ அவ்வளவோட விடுங்கோ.

தாளைத் தனியத் தூக்காம கீழ ஒரு மட்டையோடயே தூக்குங்கோ. மற்றப்பக்கம் எடுக்க மேலயும் ஒரு மட்டை வச்சு, சாண்ட்விச் மாதிரி சேர்த்துப் பிரட்டுங்கோ. ஸ்கேனர்ல கவிட்டு மூடியால அமத்தினா கொப்பியின்ர முதுகு போயிடும். பாதி திறந்து ரெண்டு பக்கமும் துவாய்ச் சுருள் அணை குடுத்து, வெயில் படாத யன்னல் வெளிச்சத்தில மேல இருந்து கமராவால எடுங்கோ, ஃபிளாஷ் வேண்டாம். பூச்சி அரிச்ச ஓட்டைத் தாளுக்குக் கீழ வெறும் கடதாசி ஒண்டு வைக்காட்டி அடுத்த பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும்.

கேள்வி: கிழிஞ்ச இடத்தை பிறகு எதால ஒட்டலாம்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய யப்பான் கடதாசியும், வேணுமெண்டா தண்ணியால திரும்ப எடுக்கலாம். ஆனா பழகின ஆள்தான் செய்யவேணும், உறுதியில கைவைக்க முதல் கொழும்பு 7இல இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்தில ஒருக்காக் கேளுங்கோ.