மழைக்காலமும் பாம்புத் தொட்டியில் பூஞ்சணமும்

கேள்வி: லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் மணி பிளான்ட், பெரணி நட்டு பால் பைத்தான் (ball python) என்ற சிறு மலைப்பாம்பு வளர்க்கிறேன். ஈரம் போகாமலிருக்க மேல்வலையை பிளாஸ்டிக்கால் மூடி, காலை மாலை ஸ்ப்ரே அடிக்கிறேன். மழை ஆரம்பித்ததிலிருந்து மரக்கட்டையிலும் மண்ணிலும் வெள்ளைப் பூஞ்சணம். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். தினமும் இரண்டு வேளை அடிக்கச் சொல்வது பெரும்பாலும் குளிர்நாட்டு வழக்கம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கும், அங்கே அது சரி. ஐப்பசியில் புதுச்சேரியில் கொடியில் போட்ட துணியே காய்வதில்லை. வெளிக்காற்று 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு தொட்டிக்குள் வருகிறது என்று வையுங்கள். அதை 31 டிகிரிக்குச் சூடாக்கினால், சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே ஈரப்பதம் 63 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பால் பைத்தானுக்கு 60 முதல் 70 போதும்.

அடுத்து அந்த பிளாஸ்டிக்கைப் பாதிக்கு மேல் எடுத்துவிடுங்கள். பூஞ்சணத்துக்கு ஈரத்தோடு அசையாத காற்றும் சேர்ந்தால் கொண்டாட்டம். மேல்வலையில் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, காற்றை வெளியே இழுக்கும்படி வையுங்கள். பாம்பின் மேல் நேராக வீசக் கூடாது.

மண் அடியில் ஈரமாகவும் மேலே காய்ந்தும் இருக்க வேண்டும். செங்கல் ஜல்லி, அதன் மேல் நைலான் வலை, அப்புறம் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) தோட்ட மண்ணும் ஆற்று மணலும் கலந்த அடுக்கு. கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள், உப்பு செடியைக் கருக்கும். தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள், தானே பரவும். மேலே காய்ந்த நாட்டு வாதாம் இலைகளைப் பரப்பினால் பாம்பின் வயிறு ஈரத்தில் படாது. ஈரத்திலேயே படுத்திருந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். எனக்குப் பூஞ்சணத்தைவிட அதுதான் கவலை.

புதுக் கட்டையில் வரும் வெள்ளைப் பூஞ்சணம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும். கட்டையை வெந்நீரில் தேய்த்து வெயிலில் காய வைக்கலாம், வெயில் வந்தால்! ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டால் பூஞ்சணத்தைத் தின்று தீர்க்கும். நர்சரிச் செடிகளில் பூச்சிமருந்து இருந்தால் இந்தப் பூச்சிகள் செத்துவிடும், ஆகவே செடியைக் கழுவி மண் மாற்றி நடுங்கள். ஃபினாயில், டெட்டால் பக்கமே போகாதீர்கள், பாம்புக்கு விஷம். எச்சத்தையும் உரித்த தோலையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

ஈரப்பதமானியை நம்புமுன் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 85 காட்டினால் கருவி பத்து கூட்டிச் சொல்கிறது.

வயிற்றில் சிவப்பு அல்லது பழுப்புத் திட்டு, கொப்புளம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, இதில் எது தெரிந்தாலும் குரும்பாபேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். பால் பைத்தான் சைட்டிஸ் (வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். செய்யவில்லை என்றால் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.