ஏற்காட்டில் தங்கிச் சமைக்கிறோம், மட்டன் ஸ்டூவில் ரெட் ஒயினுக்குப் பதில் என்ன ஊற்றலாம்?

கொதித்தால் ஆல்கஹால் போய்விடும் என்பதை நம்பாதீர்கள். 15 நிமிடம் கொதித்தாலும் சுமார் 40 சதவீதம் தங்கும். ஒரு மணி நேரம் கழித்தும் கால் பங்கு இருக்கும்.

சேலத்திலேயே பன்னீர் திராட்சை அரை கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கால் டம்ளர் தண்ணீரில் தோல் கழலும்வரை 10 நிமிடம் வேகவிட்டு, கையால் பிசைந்து வடிகட்டுங்கள். மிக்ஸி கூடவே கூடாது, விதை உடைந்தால் கசந்துவிடும். ஒரு கப் ஒயினுக்கு முக்கால் கப் சாறு, கால் கப் எலும்பு வேகவைத்த தண்ணீர். துவர்ப்புக்கு இரண்டு ஸ்பூன் டீ டிகாஷன், அருமையாகப் பொருந்தும். கடை ஜூஸில் சர்க்கரை அதிகம், சுண்டும்போது அடிபிடிக்கும். அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த சட்டியில் கறி வேக நேரமாகும். குக்கரில் வேகவைத்தபின் சாறு ஊற்றிச் சுண்டவிடுங்கள். வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், இறக்கும்போது மட்டும்.