மொட்டை மரம் கட்டிய அணை

கேள்வி: நெதர்லாந்திலிருந்து என் மைத்துனர் ஒரு படம் அனுப்பினார். வாய்க்கால் ஓரம் நிற்கும் மரங்களில் ஒன்றில்கூடக் கிளையில்லை, எல்லாம் மொட்டை! இவர்களையா இயற்கையைப் போற்றுகிறவர்கள் என்று எழுதுகிறீர்கள்? டச்சு மொழியில் கிளைக்கு ஒரு வார்த்தையாவது உண்டா?

பதில்: உண்டு. 'தக்' என்பார்கள். கேலி முடிந்ததா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

நீங்கள் படத்தில் பார்த்தது வில்லோ மரம். தலையை வெட்டி வளர்த்த அந்த மரத்துக்கு அங்கே 'க்நாட்வில்க்' என்று பெயர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இலை உதிர்ந்த குளிர்காலத்தில் கிளைகளை மொத்தமாக அறுத்தெடுப்பார்கள், வசந்தத்தில் அதே முண்டிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். முருங்கையை வெட்டிவிட்டுப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டாமல் விட்டால்தான் ஆபத்து: கிளைகள் பெருத்து, கனம் தாங்காமல் நடுமரம் பிளந்துவிடும். வயதான மரங்களின் பொந்துகளில் சின்ன ஆந்தைகள் கூடு வைக்கின்றன, மரம் பிளந்தால் அவற்றுக்கும் வீடில்லை.

வெட்டிய கிளைகள் கூடைக்கும் வேலிக்கும் மட்டும் போகவில்லை, கடலில் அணை கட்டவும் போயின. அந்த நாட்டின் கடலடி மணலும் சேறும்தான். அணை கட்ட இரண்டு பக்கமிருந்தும் நெருங்க நெருங்க, நடுவிலுள்ள இடைவெளியில் நீரோட்டம் வேகமெடுத்து அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும், வெறும் கல்லைக் கொட்டினால் அதுவும் மணலுக்குள் இறங்கிவிடும். அதனால் வில்லோ கிளைகளைக் கட்டுக்கட்டாகப் பிணைத்துப் பிரம்மாண்டமான பாய் முடைந்து, மிதக்கவிட்டு இழுத்துப் போய், மேலே கல்லை ஏற்றி அப்படியே மூழ்கடித்தார்கள். 'சிங்க்ஸ்டுக்' என்ற இந்தப் பாய்கள் இல்லாமல் 1932இல் கடலை அடைத்து முடித்த 32 கிலோமீட்டர் ஆஃப்ஸ்லைட்டைக் அணையை நினைத்துப் பார்க்க முடியாது. ஜப்பான் அரசு 1870களில் டச்சுப் பொறியாளர்களை வரவழைத்தபோது, யோஹானிஸ் டெ ரைக்கெ போன்றவர்கள் இந்த வித்தையை அங்கேயும் கொண்டுபோய் ஆறுகளில் இறக்கினார்கள்.

அப்புறம் செயற்கை இழைப் பாய்கள் வந்துவிட்டன, கிளைக்குக் கிராக்கி குறைந்தது, வெட்ட ஆளில்லாமல் மரங்கள் பிளக்க ஆரம்பித்தன. அதைத் தடுக்கத்தான் இப்போது குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் கூட்டமாகப் போய், கூலி வாங்காமல் அறுக்கிறார்கள். உங்கள் மைத்துனர் அடுத்த குளிர்காலமும் அங்கே இருந்தால் அவரையும் போகச் சொல்லுங்கள், ரம்பம் அவர்களே தருவார்கள்.