வாசகர் கேள்விகள்: சொன்ன குறை என்ன ஆயிற்று?

கேள்வி: பதினெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவர். ஊழியர்களின் ஈடுபாடு பற்றி ஆண்டுதோறும் நடத்தப்படும் கருத்துக்கணிப்பில் எங்கள் குழுவின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. பாராட்டு விழா, பரிசுகள், விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் நடத்திப் பார்த்துவிட்டேன். ஊதியத்தைப் பற்றியும் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் கூட்டத்தில் "யாராவது எதையாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மதிப்பெண் இறங்குவதைவிட அந்த மௌனமே எனக்குக் கவலை தருகிறது. பணியிட ஈடுபாட்டைப் பற்றிய ஆய்வுகளுக்கு அடித்தளம் இட்டவர் வில்லியம் கான். கோடைக்கால முகாம் ஒன்றின் பணியாளர்களையும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் நெருங்கிக் கவனித்து 1990இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, வேலையில் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொள்ளும் முன் ஒருவர், பெரும்பாலும் தம்மையறியாமலேயே, மூன்றை எடைபோட்டுப் பார்க்கிறார்: இந்த வேலையில் எனக்குப் பொருள் உண்டா, மனத்தில் பட்டதைச் சொன்னால் எனக்குத் தீங்கு வருமா, இதற்குக் கொடுக்க என்னிடம் தெம்பு மிச்சம் இருக்கிறதா. உங்கள் குழுவினர் இரண்டாவது கேள்வியிலேயே தயங்கி நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை 1990களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளோ அதற்கு நேர்மாறாக இருந்தன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தவறுகளை மறைக்காமல் சொல்லத் துணிந்ததால்தான் எண்ணிக்கை கூடித் தெரிந்தது என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். குறையே எழாத கூட்டத்தைக் கண்டு எந்தத் தலைவரும் நிம்மதி அடையக் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

எனவே பதினெட்டுப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவருடனும் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்ற கேள்வி "ஒன்றுமில்லை" என்ற விடையைத்தான் வரவழைக்கும், "இந்த வாரம் உங்கள் வேலையை எது தடுத்தது?", "நான் செய்வதில் எதை நிறுத்தினால் உங்களுக்கு வேலை எளிதாகும்?" என்று குறிப்பாகக் கேளுங்கள். பிறகு அவர்களைப் பேச விடுங்கள். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1928இல் தொடங்கி 20,000க்கும் மேற்பட்ட ஊழியர்களை நேர்கண்டவர்கள், முதலில் வரிசையாக எழுதிவைத்த கேள்விகளோடுதான் சென்றார்கள். ஊழியர்கள் அந்தக் கேள்விகளை விட்டு விலகித் தங்களுக்கு முக்கியமானவற்றுக்கே திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்தபின், அவர்கள் விரும்பியதைப் பேச விட்டுக் கேட்பதென்று தங்கள் முறையையே மாற்றிக்கொண்டார்கள்.

கேட்டதோடு நின்றுவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, தாம் எழுதியதற்கு என்ன நேர்ந்தது என்பதே தெரியாமல் போன ஊழியர், அடுத்த ஆண்டு எழுதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஒவ்வொரு குறையையும் அவர் கண்ணெதிரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை நாளில் பதில் சொல்கிறேன் என்று நாள் குறியுங்கள். அந்த நாளில் அவரிடம் சென்று, முடிந்ததை முடிந்தது என்றும், முடியாததை இன்ன காரணத்தால் முடியாது என்றும் சொல்லுங்கள். பழுதான ஒரு கருவியை மாற்றித் தருவது, பயனற்ற வாராந்திர அறிக்கை ஒன்றை நிறுத்துவது போன்ற சிறியவற்றில் தொடங்குவதே நல்லது, ஏனென்றால் அவற்றைச் செய்ய யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவைப்படாது. முதன்முதலாகக் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்பவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை மற்றப் பதினேழு பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லுங்கள்.

பரிசுகளும் போட்டிகளும் கெடுதலில்லை. ஆனால் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959லேயே பிரித்துக் காட்டியதுபோல, ஊதியமும் வசதிகளும் குறைந்தால் அதிருப்தி வரும். அவை நிறைவாக இருப்பதாலேயே வேலையில் நாட்டம் வந்துவிடாது. சாதித்தோம் என்ற நிறைவும் பொறுப்பும் வேலைக்கு உள்ளிருந்துதான் கிடைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் வேலைமுறையை விரைவில் மாற்றப் போகிறோம். முன்கூட்டியே ஊழியர்களிடம் கருத்துக் கேட்டால் எதிர்ப்புத்தானே வளரும்?

பதில்: எதிர்ப்பு இப்போதே இருக்கிறது; கேட்டால் அது உங்கள் காதுக்கு எட்டும், அவ்வளவுதான். உறங்கும்போது அணியும் ஆடைகளைத் தைத்த ஹார்வுட் தொழிற்சாலையில் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்சு இருவரும் செய்த ஆய்வு 1948இல் வெளியானது. மாற்றத்தை அறிவிப்பாக மட்டுமே பெற்ற குழுவில் உற்பத்தி சரிந்தது. முதல் 40 நாட்களில் 17 சதவீதத்தினர் வேலையை விட்டும் போனார்கள். மாற்றத்தை வடிவமைப்பதில் எல்லோரும் பங்குகொண்ட குழுக்களோ விரைவில் பழைய அளவை எட்டி, அதையும் தாண்டின. அவர்களில் யாரும் விலகவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: முடிவை எடுத்துவிட்டு அதன்பின் கருத்துக் கேட்காதீர்கள். எது முடிவாகிவிட்டது, எதை அவர்கள் மாற்றலாம் என்பதை முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுங்கள். முறை மாறுவது உறுதி, ஆனால் வேலையைப் பங்கிடுவதும் பயிற்சிக்கு எத்தனை நாள் என்பதும் ஊழியர்கள் கையில் என்றால், அவர்கள் அந்த இரண்டிலும் தங்கள் அனுபவத்தைக் கொட்டிக் கொடுப்பார்கள். ஒப்புக்குக் கேட்பதாகத் தெரிந்துவிட்டால் அடுத்த முறை நீங்கள் உண்மையாகக் கேட்கும்போதும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: மேலிடம் மாறாதபோது நடுவில் இருக்கும் நான் எதை மாற்ற முடியும்?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகம். குழுக்களிடையே ஈடுபாட்டில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் நேரடி மேலாளரைச் சார்ந்தது என்பது கருத்துக்கணிப்புகள் நடத்தும் கேலப் நிறுவனத்தின் மதிப்பீடு. கொள்கையை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். யாருக்கு எந்த வேலை, எவ்வளவு சுதந்திரம், நல்ல வேலைக்கு யார் பெயரில் பாராட்டு என்பவை ஒவ்வொரு நாளும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. மேலிடத்திடம் குழுவின் குறையைக் கொண்டுசென்று மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்டது என்பதையும் திரும்பி வந்து அவர்களிடம் சொல்லுங்கள்.