கேமரா கம்பெனியாக இருந்த கேனான், அலுவலக பிரிண்டர், நகல் இயந்திரத் துறையில் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி?

பிரிண்டர் சர்வீஸும் கார்ட்ரிட்ஜ் ரீஃபில்லும் செய்கிற ஆள் நான். அதனால் என் பதில் பட்டறைப் பக்கத்திலிருந்துதான் வரும். லென்ஸ் தரம், ஜப்பான்காரர்களின் உழைப்பு என்று ஆரம்பிக்கிற பதில்கள் நிறைய இருக்கும். அவையும் தவறில்லை. ஆனால் கேனானை இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தது 1982-இல் வந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா என்பதுதான் என் கட்சி.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1933-இல் டோக்கியோவின் ரொப்போங்கி பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சின்னப் பட்டறையாக ஆரம்பித்தது. யோஷிதா கோரோ என்பவர் ஒரு ஜெர்மன் லைக்கா கேமராவைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, இதை நாமே செய்யலாமே என்று இறங்கினார். 1936-இல் வந்த அவர்களுடைய முதல் கேமரா ஹன்சா கேனான். அதன் லென்ஸ் நிக்கார், அதாவது இன்றைய நிக்கான் கம்பெனி செய்தது. (கேனானா நிக்கானா என்று சண்டை போடும் தம்பிகள் கவனிக்க.) 1937-இல் முறையான கம்பெனி ஆனது. 1942-இல் தலைவர் பொறுப்பை ஏற்ற மிதராய் தகேஷி ஒரு மகப்பேறு மருத்துவர்.

கேமராவை மட்டும் நம்பியிருந்தால் ஆகாது என்று அறுபதுகளிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் ஒரு தோல்வி. 1959 வாக்கில் சிங்க்ரோரீடர் என்று ஒரு கருவி செய்தார்கள். முன்பக்கம் அச்சு, பின்பக்கம் காந்தப் பூச்சு உள்ள தாளை வைத்தால் படிக்கவும் கேட்கவும் செய்யலாம். விற்கவே இல்லை. ஆனால் அதற்காக வேலைக்கு எடுத்த மின்னணுப் பொறியாளர்கள் கையில் இருந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்துதான் 1964-இல் கேனோலா 130 என்ற மேசைக் கால்குலேட்டர் வந்தது. இன்று நம் கால்குலேட்டர்களில் இருக்கும் பத்து எண் பொத்தான் அமைப்பு மின்னணுக் கால்குலேட்டரில் முதலில் வந்தது அதில்தான். 1967-இல் ‘வலது கையில் கேமரா, இடது கையில் அலுவலக இயந்திரம்’ என்று கொள்கையே அறிவித்தார்கள். 1969-இல் கம்பெனிப் பெயரிலிருந்து கேமரா என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த இடது கையை நீட்டிய இடத்தில் ஜெராக்ஸ் கம்பெனி உட்கார்ந்திருந்தது. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 சாதாரணத் தாளில் நகல் எடுத்த முதல் அலுவலக இயந்திரம். அதை யாரும் முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாதம் 95 டாலர் வாடகை, 2,000 நகல் அதற்குள் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு நகலுக்கும் தனிக் காசு. பழுது பார்க்க ஒரு பட்டாளமே வைத்திருந்தார்கள். தொழில்நுட்பத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான காப்புரிமைகள். 1975-இல் அமெரிக்க வணிக ஆணையம் அந்தக் காப்புரிமைகளை மற்றவர்களுக்கும் தரச் சொல்லி ஜெராக்ஸை வழிக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலருக்கும் கதவு திறந்தது.

கேனான் அதுவரை காத்திருக்கவில்லை. நகல் எடுக்க வேண்டிய உருவம் முதலில் பதிகிற சுழலும் உருளைதான் டிரம். ஜெராக்ஸ் டிரம்மில் இருந்தது செலீனியம் பூச்சு. கேனான் காட்மியம் சல்ஃபைடு பூசி, அதன் மேல் மின்சாரம் கடத்தாத இன்னொரு படலம் போர்த்தியது. டிரம்மின் அமைப்பு மாறியதால், மின்னூட்டம் ஏற்றி உருவம் பதிக்கும் முறையும் அடியோடு மாறியது. காப்புரிமை வேலிக்குள் கால் வைக்காமலே சாதாரணத் தாளில் நகல் எடுத்தாகிவிட்டது. அதற்கு என்பி முறை என்று பெயர் வைத்து, 1970-இல் என்பி 1100 இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான முதல் சாதாரணத் தாள் நகல் இயந்திரம் அது.

ஆனால் தொழில்நுட்பம் கையில் இருந்தால் மட்டும் காசு வந்துவிடாது. 1975-இல் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுக்க முடியாத நிலைக்கு வந்தது கேனான். எண்ணெய் நெருக்கடி ஒரு பக்கம், கால்குலேட்டரில் போட்ட திரை உதிரிபாகக் கோளாறு இன்னொரு பக்கம். அடுத்த ஆண்டே வந்த ஏஇ-1 கேமரா நன்றாக ஓடிக் கைகொடுத்தது.

இனி அந்த டப்பா விஷயம். நகல் இயந்திரத்தை எழுபதுகளின் கடைசியில் யார் வாங்கினார்கள்? பெரிய அலுவலகங்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் வக்கீல் அலுவலகமோ சின்னக் கடையோ ஏன் வாங்கவில்லை? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சர்வீஸ். நகல் இயந்திரம் அடிக்கடி படுக்கும். அப்படிப் படுக்கும்போது பெரும்பாலும் கோளாறு டிரம்மிலும் அதைச் சுற்றியுள்ள பாகங்களிலும்தான் இருக்கும். இது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கு என் மேசைக்கு வரும் இயந்திரங்களிலும் உண்மை. தெருவுக்குத் தெரு மெக்கானிக் அனுப்ப ஜெராக்ஸாலேயே கட்டுப்படியாகாது. கேனானுக்கு அந்த அளவு ஆட்களே கிடையாது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியில் ஒரு குறும்பு இருக்கிறது. மெக்கானிக்கை அனுப்புவதற்குப் பதிலாக, மெக்கானிக் தொட வேண்டிய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்து, தீர்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைச் செருகச் சொல்லிவிட்டார்கள். டிரம், மின்னூட்டம் ஏற்றும் பாகம், டோனர் என்கிற மைத்தூள், அதை டிரம்முக்குக் கொண்டுவரும் உருளை, மிச்சத்தை வழிக்கும் பிளேடு எல்லாம் உள்ளே. சுமார் 2,000 நகலுக்கு ஒரு டப்பா. வாடிக்கையாளரே மாட்டிக்கொள்ளலாம்.

சொல்வது சுலபம். நகல் இயந்திரத்தின் மிக விலை உயர்ந்த பாகமே அந்த டிரம்தான். அதைப் போய் தூக்கிப் போடும் பொருளாக்குவது எப்படி? இந்தக் குழுவின் தலைவர் தனாகா ஹிரோஷி ஒரு நாள் எல்லோருக்கும் பீர் வரவழைத்தாராம். குடித்து முடித்த அலுமினிய கேனைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்து பீர் கேன் செய்யும் முறையை ஆராய ஆரம்பித்து, மலிவான அலுமினிய டிரம் செய்யும் வழிக்கு வந்து சேர்ந்தார்கள். நிர்வாகவியல் வகுப்புகளில் இந்தக் கதையைத் தேய்த்துத் தேய்த்துச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது பீர் இல்லை. ஹெச்பி லேசர் பிரிண்டரில் போடும் 12ஏ டப்பா ஒன்றைப் (கார்ட்ரிட்ஜ் என்பது அதுதான்) பிரித்து, டிரம்மின் பூச்சு போன இடத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் மெல்லிய அலுமினியக் குழாய்தான்.

1982-இல் பிசி-10, பிசி-20 என்ற பெயர்களில் அந்த இயந்திரங்கள் வந்தன. மேசை மேல் வைக்கும் அளவு. கறுப்பு டப்பாவை எடுத்துவிட்டு நீலமோ பழுப்போ செருகினால் அந்த நிறத்தில் நகல் வரும்.

உண்மையான பண மழை அதற்கப்புறம்தான். நகல் இயந்திரத்தில் விளக்கு இருக்கும் இடத்தில் லேசரை வைத்தால் அது பிரிண்டர். அந்த டப்பாவையே மையமாக வைத்து எல்பிபி-சிஎக்ஸ் என்ற லேசர் பிரிண்டர் எஞ்சினை, அதாவது அச்சடிக்கும் உள் இயந்திரத்தை, செய்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் சந்தையில் கேனானுக்கு ஆழமான வேர் இல்லை. அதனால் எஞ்சினை மற்றவர்களுக்கு விற்றார்கள். 1984-இல் ஹெச்பி அதை வாங்கித் தன் கட்டுப்பாட்டு அட்டையைப் போட்டு லேசர்ஜெட் என்று 3,495 டாலருக்கு விற்றது. 1985-இல் ஆப்பிள் அதே எஞ்சினில் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழி) சேர்த்து லேசர்ரைட்டர் என்று 6,995 டாலருக்கு விற்றது. இரண்டுக்கும் டப்பா ஒன்றுதான். வெளியே யார் பெயர் இருந்தாலும், டோனர் தீர்ந்தால் ஆர்டர் போய்ச் சேரும் இடம் கேனான் தொழிற்சாலை.

நம் ஊரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் இல்லாத இ-சேவை மையமோ ஆடிட்டர் அலுவலகமோ ஒரு காலத்தில் அபூர்வம். ஒன்றுக்கு 303 கார்ட்ரிட்ஜ், மற்றதற்கு 12ஏ. பக்கவாட்டு ஊசியைத் தள்ளி எடுத்து இரண்டாகப் பிரித்தால், டிரம், பிசிஆர் (மின்னூட்டம் ஏற்றும் உருளை), மேக்னட் ரோலர் (டோனரைக் கொண்டுவருவது), டாக்டர் பிளேடு (டோனரைச் சீராகப் பரப்புவது), வைப்பர் பிளேடு (மிச்சத்தை வழிப்பது) எல்லாம் அதே அளவு, அதே இடம். ரீஃபில் கடைக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே டோனர் பாட்டிலைத்தான் திறப்பார்கள். ஹெச்பி பிரிண்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே உள்ள அட்டையில் கேனான் பெயர் அச்சாகியிருக்கும். தாளைச் சூடாக்கும் இடத்தில் உருளைக்குப் பதிலாக ஒரு மெல்லிய படலம் சுற்றும். நாங்கள் ‘டெஃப்லான்’ என்று சொல்லி மாற்றுவது அதைத்தான். சுவிட்ச் போட்டதும் காத்திருக்காமல் பிரிண்ட் வருவது அந்தப் படலத்தால். அதுவும் கேனான் கண்டுபிடித்ததுதான்.

தன் பெயர் தெரியாமல் விற்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஹெச்பி என்ற ஒரே வாடிக்கையாளரை இவ்வளவு நம்பியிருப்பதை கேனான் தன் முதலீட்டாளர் அறிக்கைகளில் அபாயம் என்றே பட்டியலிட்டிருக்கிறது. ஹெச்பி 2017-இல் சாம்சங்கின் பிரிண்டர் தொழிலை 1.05 பில்லியன் டாலருக்கு வாங்கியபோது அந்த அபாயம் அறிக்கையை விட்டு நேரில் வந்து நின்றது. ஆனாலும் உறவு அறுந்துவிடவில்லை.

இங்க் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1977-இல் எண்டோ இச்சிரோ என்ற ஆய்வாளரின் மேசையில், சூடான சால்டரிங் அயர்ன் இங்க் நிரப்பிய ஊசியில் தெரியாமல் பட்டது. நுனியிலிருந்து இங்க் தெறித்தது. சூட்டில் உண்டாகும் குமிழி இங்க்கைத் தள்ளும் என்பது அதிலிருந்து பிடிபட்டு, பபிள்ஜெட் ஆனது. 1985-இல் அந்த முறையில் பிஜே-80 பிரிண்டர் வெளிவந்தது. அமெரிக்காவில் ஹெச்பி ஆட்களும் தனியாக ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். லேசரில் கூட்டாளி, இங்க்ஜெட்டில் போட்டியாளர் என்ற விசித்திரமான குடித்தனம் அப்போது ஆரம்பித்தது.

தொண்ணூறுகளில் கம்பெனி கொஞ்சம் ஊதிப்போனது. பர்சனல் கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக் டைப்ரைட்டர் என்று லாபம் தராதவை பல. 1995-இல் தலைவரான மிதராய் ஃபுஜியோ (அந்த மருத்துவரின் அண்ணன் தம்பி வழி மகன்) அவற்றை ஈவிரக்கமில்லாமல் மூடினார். தொழிற்சாலைகளில் கன்வேயர் பெல்ட்டை எடுத்துவிட்டு, சின்னக் குழு ஒன்று இயந்திரத்தை முழுதாகக் கோர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 2000-க்கு அப்புறம் வந்த ஐஆர் வரிசை நகல் இயந்திரங்கள்தான், வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்து முடித்து, செகண்ட் ஹேண்ட் இறக்குமதியாக வந்து நம் ஜெராக்ஸ் கடைகளில் இரண்டாம் ஆயுள் கண்டவை. நெதர்லாந்தின் ஓசே கம்பெனியை வாங்குவதாக 2009-இல் அறிவித்து, பெரிய அளவு அச்சுத் தொழிலுக்குள்ளும் போனார்கள்.

எங்களைப் போன்றவர்களோடு கேனானுக்கு உள்ள சண்டையையும் சொல்லாமல் இருக்க முடியாது. தூக்கிப் போடச் சொன்ன டப்பாவை உலகம் தூக்கிப் போடவில்லை. திறந்தது, நிரப்பியது, பாதி விலைக்கும் கீழே விற்றது. கேனான் 1990-லேயே காலி டோனர் கார்ட்ரிட்ஜைத் திரும்பப் பெற்று, சீனாவின் டாலியன் ஆலையில் மறுசுழற்சி செய்ய ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் வழக்கு. காலி இங்க் டப்பாவை நிரப்பி விற்ற ரீசைக்கிள் அசிஸ்ட் என்ற கம்பெனிக்கு எதிராக 2007 நவம்பரில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் கேனான் பக்கம் தீர்ப்பு சொன்னது. டிரம்மைச் சுழற்றும் முறுக்கிய முனைக்கும் காப்புரிமை வைத்து, அதே வடிவில் செய்தவர்கள் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கண்டுபிடித்தவன் சம்பாதிக்க வேண்டும் என்பது எனக்கும் சம்மதம்தான். ஆனால் 2,000 பக்கத்துக்கு ஒரு முறை புது டப்பா விலை கொடுக்க நம் ஊர் டைப்பிங் சென்டரால் முடியாது என்பதும் கணக்குதான்.

அந்தக் கணக்கு கடைசியில் ஜெயித்தது இங்க் பக்கம். ஆசிய நாடுகளில் ஆட்கள் பிரிண்டரின் விலாவில் டியூப் போட்டு, வெளியே பாட்டில் மாட்டி ஓட்டுவதைப் பார்த்து, எப்சன் 2010-இல் தானே டேங்க் வைத்த பிரிண்டரை இந்தோனேசியாவில் இறக்கியது. கேனான் 2015-இல்தான் பிக்ஸ்மா ஜி வரிசையோடு அந்தப் பந்திக்கு வந்தது. இயந்திரத்தை மலிவாகக் கொடுத்து டப்பாவில் சம்பாதிக்கும் பழக்கத்தை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது.

அலுவலகங்களில் தாள் குறைவது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் 2015-இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் என்ற கண்காணிப்புக் கேமரா கம்பெனியையும், 2016-இல் தோஷிபாவின் மருத்துவக் கருவிப் பிரிவையும் வாங்கினார்கள். இரண்டாவதற்குக் கொடுத்தது சுமார் 665 பில்லியன் யென். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் இயந்திரத்தின் நெற்றியில் கேனான் என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காசநோய் பரிசோதனைக்கான எக்ஸ்ரே கேமராவை அவர்கள் 1940-லேயே செய்திருக்கிறார்கள்.