பரணில் இருக்கும் தாத்தாவின் துப்பாக்கியை என்ன செய்வது?

கேள்வி: காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் அப்பாவும் (வயது 68) அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர், 2025-இல் சிவகிரி அருகே வயதான தம்பதி என்று தோட்டத்து வீடுகளிலேயே கொலைகள் நடந்த பிறகு அப்பா சரியாகத் தூங்குவதில்லை. தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி பரணில் இருந்தது. லைசென்ஸ் தாத்தா பெயரில்தான். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அப்பா அதை எடுத்துத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். திருடனைச் சுட்டால் கொலை வழக்கு வருமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் கம்பிவேலிக்குக் கரண்ட் விடச் சொல்கிறார். அது சரியா?

பதில்: திருடன் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம். இப்போதைக்கு உங்கள் அப்பாவுக்குப் பெரிய ஆபத்து கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது, வீட்டுக்குக் கொடுப்பதல்ல. தாத்தாவோடு அது முடிந்துவிட்டது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அதோடு அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. "சும்மா பரணில் கிடந்தது" என்பது ஒரு வாதமே அல்ல. அப்பா அதை எடுத்துத் துடைத்து வேறு வைத்திருக்கிறார்.

சட்டம் வைத்திருக்கும் வழி 21-ஆவது பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் போன துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஆறு வருடம் தாமதம்தான், மறுக்க முடியாது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆவது பிரிவு சொல்கிறது. தானாக வந்து ஒப்படைப்பவரையும் சோதனையில் பிடிபட்டவரையும் அங்கே ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நீங்களாகத் துணியில் சுற்றி பைக்கில் எடுத்துப் போகாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் மாட்டினால் கதையே வேறு. ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்படையுங்கள். மிச்சம் மீதி தோட்டாக்கள் இருந்தால் அவையும் சேர்த்துத்தான். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அப்பாவுக்கு முறைப்படி லைசென்ஸ் கிடைக்குமா? கிடைக்க வழி உண்டு. 2016 ஆயுத விதிகளின் 25-ஆவது விதி, இறந்தவரின் வாரிசுக்கு லைசென்ஸ் தர இடம் கொடுக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழுவழுப்புக் குழல் (உள்பக்கம் வரிப்பள்ளம் இல்லாத) துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், மறுக்கச் சட்டக் காரணம் எதுவும் இல்லாதபோது கொடுத்தாக வேண்டும் என்றே ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. எழுத்தில் அப்படி. நடைமுறையில் போலீஸ் அறிக்கை, பயிற்சிச் சான்று, உடல் மற்றும் மனநலச் சான்று என்று கலெக்டர் ஆபீஸுக்குப் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். மறுத்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதன்மேல் மேல்முறையீடும் உண்டு.

விண்ணப்பிக்கச் சொல்வேனா என்றால், தயக்கம்தான். லைசென்ஸ் கிடைத்தாலும் துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும் பொறுப்பு உங்களுடையது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நடுராத்திரி தூக்கத்தில் தாக்கப்படும் 68 வயதுக்காரர் பெட்டியைத் திறந்து, தோட்டா போட்டு, இருட்டில் குறி பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். துப்பாக்கி திருடன் கையில் சிக்கினால் இன்னும் மோசம்.

இனி கொலை வழக்கு பற்றி. தற்காப்பு உரிமைக்குத் துப்பாக்கியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். கையில் கிடைத்தது போதும். 2019-இல் கடையம் அருகே அரிவாளோடு வந்த கொள்ளையர்களை ஒரு வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியும் செருப்பும் வைத்தே விரட்டினார்கள். அரசு அவர்களுக்கு விருதே கொடுத்தது. தேங்காய் வெட்டும் அரிவாள் விவசாயக் கருவி, அதை வீட்டில் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் இல்லை.

தற்காப்பு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 34 முதல் 44 வரை இருக்கின்றன. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் தாக்க வருபவரைக் கொல்லும் அளவுக்குக்கூட உரிமை நீளும். வழிப்பறிக்கும் கொள்ளைக்கும், பொழுது சாய்ந்து விடிவதற்குள் பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ வீட்டுக்குள் நுழைவதற்கும் அப்படியே. ஆனால் தோப்பில் தேங்காய் திருடுபவனை, பம்ப் செட்டில் ஒயர் அறுப்பவனைக் கொல்ல உரிமை இல்லை. பிடிக்கலாம், தேவையான அளவு அடிக்கலாம், அவ்வளவுதான். அவன் ஆயுதத்தோடு திரும்பிப் பாய்ந்தால் கணக்கு மாறும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. திருடன் முதுகைக் காட்டி ஓடத் தொடங்கிய பிறகு சுடுவது அல்லது வெட்டுவது. ஜெய்தேவ் வழக்கில் 1962-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆபத்து விலகி எதிராளி ஓடத் தொடங்கியதும் உரிமை நின்றுவிடும். அதே நீதிமன்றம்தான் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில், தாக்கப்படுபவர் கோழையாகப் பின்வாங்கத் தேவையில்லை, அந்த நெருக்கடியில் எத்தனை அடி என்று தராசில் நிறுக்க முடியாது என்ற கருத்தையும் ஏற்றது.

நியாயமான தற்காப்பானாலும் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், கைதும் நடக்கலாம். 2012-இல் மதுரையில் மகளைக் காப்பாற்றக் கணவனை அடித்துக் கொன்ற பெண்ணைத் தற்காப்பு என்று சொல்லிப் போலீசே விடுவித்தது உண்மை. எல்லா ஊரிலும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலும் கோர்ட்டில்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும், அங்கே உங்கள் தரப்பு சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான் என்று தோன்றும் அளவு காட்டினால் போதும். ஒன்று மறக்காதீர்கள்: லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் சுட்டுத் தற்காப்பு என்று விடுதலையானாலும், ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும்.

கரண்ட் வேலி கூடவே கூடாது. செருபின் கிரிகரி என்பவர் தன் கழிப்பறைக்கு வெளியாட்கள் வராமலிருக்க மின்கம்பி கட்டினார். ஒரு பெண் அதில் பட்டு இறந்தார். அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காகவே உயிரை எடுக்க முடியாது என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இன்று அதே செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் (கவனக்குறைவால் மரணம்) 5 ஆண்டு வரை சிறை, நிலைமையைப் பொறுத்து 105-உம் (கொலையாகாத மரணம் விளைவித்தல்) பாயலாம். அதற்கு ஆகும் செலவில் வாசலுக்கும் களத்துக்கும் சென்சார் விளக்கு, கேமரா, உள்பக்கம் இரும்புக் கதவு போடுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, இரவு ரோந்தில் உங்கள் தோட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். துப்பாக்கியை ஒப்படைக்கப் போகும் அன்றைக்கே இந்த மனுவையும் கொடுத்துவிடலாம்.