கோமாளி மீன்: கேளுங்கள், சொல்கிறேன்

காட்பாடியில் வீட்டிலேயே உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கோமாளி மீன் பற்றி மட்டும் கேளுங்கள், தங்கமீனுக்கு நான் ஆள் இல்லை.

சத்துவாச்சாரி: அண்ணே, ஜோடியாக வாங்கினேன். பெரியது துரத்துகிறது, சின்னது சாய்ந்து வெடவெடவென்று நடுங்குகிறது. வலிப்பா?

வலிப்பில்லை தம்பி, "நீதான் பெரியவ, ஒத்துக்கிறேன்" என்கிறது. இந்த இனத்தில் எல்லாக் குஞ்சும் முதலில் ஆண் பக்கம்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும், அடுத்தது அதன் புருஷன், மற்றவை வளராமல் வரிசையில் காத்திருக்கும். பெண் செத்தால் புருஷனே பெண்ணாகி, வரிசையில் முதலாவது நிற்பது புருஷனாகும். ரெண்டுக்கும் அதே ஆரஞ்சு, அதே மூன்று வெள்ளைப் பட்டை, அளவுதான் அடையாளம். துடுப்பு கிழிந்தால் மட்டும் பிரித்து வையுங்கள்.

குடியாத்தம்: அனிமோன் இல்லாமல் வாழுமா?

தாராளமாக. அனிமோன் என்பது பூப்போல விரிந்து பாறையில் ஒட்டியிருக்கும் கடல் பிராணி, கடலில் அது இதற்கு வீடு. மற்ற மீனைக் கொட்டும், இதன் உடம்பு வழவழப்பு இதைக் காப்பாற்றும். தொட்டியில் அனிமோன் செத்தால் தண்ணீரே விஷம். வாங்காதீர்கள்.

ஆற்காடு: தப்பாகச் சொல்கிறீர்கள் சார். பெண்தான் ஆணாக மாறும், படித்திருக்கிறேன்.

நீங்கள் படித்தது கிளி மீனோ, மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்னும் ராஸ் மீனோ. அங்கே ஆண் செத்தால் பெரிய பெண் ஆணாகும். இங்கே நேர் எதிர்.

ஆற்காடு: அப்போ பெண்ணானது திரும்ப ஆணாகுமா?

ஆகாது. ஒருவழிப் பாதை.

ஆற்காடு: ரெண்டு பெண்ணைப் போட்டால் ஒன்று மாறித்தானே ஆகணும்?

மாறாது, ஒன்று சாகும்வரை அடித்துக்கொள்ளும். தயவுசெய்து போட்டுப் பார்க்காதீர்கள்.

ஆம்பூர்: சமையல் உப்பு போடலாமா?

பிரியாணிக்குப் போடுங்கள். தொட்டிக்குக் கடல் மீனுக்கென்றே விற்கும் உப்பு, ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

ராணிப்பேட்டை: கத்தரி வெயிலில் தண்ணீர் குறைகிறது. உப்புத்தண்ணீர் ஊற்றுகிறேன், சரியா?

ஐயோ, நிறுத்துங்கள்! ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். நம்ம ஊர் மே மாசத்தில் என் தொட்டி தினம் ஒரு விரல் இறங்கும், கண்ணாடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மேலே ஒரு சின்ன ஃபேன் ஓடினால் ரெண்டு டிகிரி குறையும், ஆனால் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும்.

வேலப்பாடி: அனிமோன் எங்கே கிடைக்கும்?

மேலே படியுங்கள்.

சத்துவாச்சாரி: அண்ணே, சின்னதுக்கு ராணி என்று பேர் வைத்துவிட்டேன்.

பெரியதுக்கு மாற்றிவிடு.